குளம்பு நோய்க்கு மூலிகை மருந்து இடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாடோ ஆடோ காலைச் சாய்த்து நடக்கத் தொடங்கியவுடன், கால்நடை வளர்ப்போரில் பலருக்குக் கை முதலில் போவது அம்மிக்குத்தான். குப்பைமேனியைப் பறித்து, மஞ்சளும் பூண்டும் வேப்பிலையும் சேர்த்து அரைத்து, எண்ணெயில் குழைத்துக் குளம்பில் அப்பிவிட்டால் பாதிக் கவலை தீர்ந்ததுபோல இருக்கும். அந்த மருந்தைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. ஆறாத புண் அதனால் ஆறியதை நானே பலமுறை பார்த்திருக்கிறேன். ஆனால் மூலிகை பலிக்கவில்லை என்று சொல்லப்படும் இடங்களில் போய்ப் பார்த்தால், பெரும்பாலும் இலையின்மேல் குற்றம் இருப்பதில்லை. என்ன நோய் என்று பாராமலும், காலைத் தூக்கிக் கழுவாமலும், மருந்திட்ட காலை மறுபடியும் சேற்றிலேயே நிறுத்தியும் வைத்தியம் நடந்திருக்கும்.

காலைத் தூக்கிப் பார்க்காமல் மருந்து அரைப்பது

ஒருமுறை எங்கள் வெள்ளாடு ஒன்று முன்னங்காலை ஊன்ற முடியாமல் தத்தித் தத்தி நடந்தது. குளம்பிடுக்கு சற்றுச் சிவந்திருந்ததை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, குப்பைமேனி விழுதை நான்கு நாள் காலையும் மாலையும் வைத்துக் கட்டினேன். ஐந்தாம் நாள் ஆடு மூன்று காலில் நின்றது. வீட்டுப் பெரியவர் ஒருவர் ஆட்டை மடியில் சாய்த்துக்கொண்டு, காலைக் கழுவச் சொல்லி, தேங்காய் நாரால் அடிக்குளம்பைத் தேய்த்த பிறகுதான் நடுவில் மிளகளவுகூட இல்லாத ஒரு கரும்புள்ளி தெரிந்தது. அதைக் கட்டைவிரலால் அழுத்தியதும் ஆடு துள்ளியது. முள் உள்ளே முறிந்து, சீழ் கட்டி, வெளிவர வழியில்லாமல் கிடந்திருக்கிறது. முள்ளை எடுத்துச் சீழை வடித்த மறுநாளே ஆடு காலை ஊன்றியது. நான்கு நாளும் நான் வைத்த மருந்து, முள்ளுக்கு மேலே ஒரு மூடியாகத்தான் பயன்பட்டிருந்தது.

ஆகவே மருந்துக்கு முன்னால் நீரும் வெளிச்சமும் வேண்டும். காலைத் தூக்கிக் கட்டி, சாணமும் மண்ணும் போகக் கழுவி, நாரால் தேய்த்து, துணியால் ஒற்றி உலர்த்திய பிறகு இரண்டு குளம்புகளையும் விரித்துப் பார்க்க வேண்டும். அடிக்குளம்பை விளிம்பிலிருந்து குதிகால் வரை கட்டைவிரலால் இடம் இடமாக அழுத்தினால், வலிக்கும் இடத்தில் விலங்கு காலை இழுத்துக்கொள்ளும். புறங்கையைக் குளம்பின்மேல் வைத்து, எதிர்க்காலின் சூட்டோடு ஒப்பிட வேண்டும். மூக்கையும் பயன்படுத்த வேண்டும். குளம்பு அழுகலின் நாற்றத்தை ஒருமுறை முகர்ந்தவர் மறுமுறை தவறவிட மாட்டார். பசுக்களில் நொண்டலுக்குக் காரணமான குளம்புக் கோளாறுகளில் பெரும்பகுதி பின்னங்காலின் வெளிக்குளம்பிலேயே வருவதால், முன்னங்காலை மட்டும் பார்த்து ஒன்றுமில்லை என்று விட்டுவிடக் கூடாது.

கழுவாமல் மருந்து அப்புவதில் இன்னொரு கேடும் உண்டு. குளம்பு அழுகலை உண்டாக்கும் கிருமிகள் காற்றுப் படாத இடத்தில் செழித்து வளர்பவை. அழுக்கும் செத்த தோலும் நிறைந்த குளம்பிடுக்கில் கெட்டியான விழுதைத் திணித்து, அதன்மேல் துணியையும் சுற்றினால், அந்தக் கிருமிக்கு வேண்டிய இருட்டறையை நாமே கட்டிக் கொடுத்ததாக ஆகும்.

நொண்டுவதெல்லாம் குளம்பு நோய் என்று எண்ணுவது

இது உயிரையே பறிக்கக்கூடிய தவறு. ஆறு மாதம் முதல் இரண்டு வயதுக்குட்பட்ட, நல்ல தசைப்பிடிப்பான இளம் மாடு திடீரென நொண்டி, கடுங்காய்ச்சலோடு தொடையிலோ தோளிலோ வீங்கி, வீக்கத்தை அழுத்தினால் நறநறவென்று ஒலி கேட்டால் அது சப்பை நோய். அதில் ஒன்றிரண்டு நாளுக்குள் மாடு இறந்துவிடும். குளம்பில் பற்றுப் போட்டுக்கொண்டிருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் இழப்பே. மூன்று நாள் காய்ச்சல் எனப்படும் நோயில் இன்று ஒரு கால், நாளை வேறொரு கால் என்று நொண்டல் இடம் மாறும். அங்கே குளம்பில் செய்ய வேண்டியது எதுவும் இல்லை. தானியத்தையோ மாவையோ அளவுக்கு மீறித் தின்ற மாட்டுக்கு இரைப்பையில் அமிலம் பெருகி, ஓரிரு நாள் கழித்துக் குளம்புக்குள்ளே அழற்சி உண்டாகும். குளம்பு சுடும், மாடு முட்களின்மேல் நடப்பதுபோல நடக்கும், வெளியே புண்ணே இருக்காது. இதற்கு மேல்பூச்சு எதுவும் உள்ளே சென்று சேராது. தீவனத்தைத் திருத்துவதும் மருத்துவர் தரும் வலி மருந்துமே உதவும். பூஞ்சை பிடித்த வைக்கோலைத் தொடர்ந்து தின்னும் எருமைகளில் வால்நுனியும் காதுநுனியும் குளம்போரமும் கருகி அழுகுவதும் உண்டு. அப்போது மாற்ற வேண்டியது வைக்கோலைத்தான்.

கோமாரியையும் குளம்பு அழுகலையும் ஒன்றாகக் கருதுவது

வாயில் எச்சில் நூலாக ஒழுகுகிறது, நாக்கிலும் ஈறிலும் கொப்புளம் உடைந்திருக்கிறது, குளம்பிடுக்கிலும் குளம்பும் தோலும் சேரும் விளிம்பிலும் புண் இருக்கிறது, ஒரே கொட்டிலில் பல மாடுகளுக்கு ஒன்றன்பின் ஒன்றாக வருகிறது என்றால் அது கால்காணை எனப்படும் கோமாரியாக இருக்கவே வாய்ப்பு மிகுதி. குளம்பு அழுகலோ பெரும்பாலும் ஒரே காலில் வரும்; குளம்புக்கு மேலே இருபுறமும் ஒரே அளவாக வீங்கும்; குளம்பிடுக்குப் பிளந்து நாறும்; வாயில் ஒன்றும் இருக்காது. செம்மறியாடுகளில் வாயும் குளம்பு விளிம்பும் சேர்ந்து சிவந்து வீங்கினால் அது கொசுவைவிடச் சிறிய ஒருவகைப் பூச்சியால் பரவும் நீலநாக்கு நோயாகவும் இருக்கலாம் என்பதால், ஆட்டு மந்தையில் வாய்ப்புண்ணை வைத்து மட்டும் முடிவு கட்டக் கூடாது.

கோமாரி வைரசால் வருவது. பாக்டீரியாவைத் தடுத்து நிறுத்தும் வடிகட்டியையும் இந்நோயின் காரணி தாண்டிப் போகிறது என்பதை ஜெர்மனியில் லோஃப்லரும் ஃப்ராஷும் 1898-இல் காட்டினார்கள். விலங்குகளின் நோய்களில் முதலில் அடையாளம் காணப்பட்ட வைரஸ் இதுவே. குளம்பில் பூசும் எண்ணெய் உடலுக்குள் ஓடும் வைரசைக் கொல்வதில்லை. புண்ணில் வேறு கிருமி சேராமல் காப்பதும், ஈயை விரட்டுவதும், வெடிப்பை மெதுவாக்கி ஆற வைப்பதும்தான் அதன் வேலை. அது சிறிய உதவி அன்று. ஆனாலும் அதைத் தடுப்பூசிக்கு மாற்றாகப் பேசும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

இங்கே நம் அனுபவமே நம்மை ஏமாற்றும் இடம் ஒன்று உண்டு. கோமாரி வந்த வளர்ந்த மாடுகளில் பெரும்பாலானவை எந்த மருந்தும் இல்லாமலே இரண்டு மூன்று வாரங்களில் தேறிவிடும். எனவே அந்த நாட்களில் எதைத் தடவியிருந்தாலும் அதுவே குணப்படுத்தியதாகத் தோன்றும். சேற்றில் நிறுத்தியவர் சேற்றைப் புகழ்வார், சுடுமணலில் நடத்தியவர் மணலைப் புகழ்வார். சேறு புண்ணுக்குள் அழுக்கைத் திணிக்கிறது, சுடுமணல் தோல் உரிந்த பாதத்தை மேலும் சுடுகிறது. மாடு இவற்றால் தேறவில்லை, இவற்றையும் தாண்டித் தேறியிருக்கிறது. கன்றுகளின் கதை வேறு. இந்த வைரஸ் இளங்கன்றின் இதயத் தசையைத் தாக்குவதால், குளம்பில் புண்ணே தோன்றாமல் கன்று திடீரென விழுந்து இறக்கலாம். தாய்க்கு மருந்து தடவிக்கொண்டே கன்றை அதே மடியில் ஊட்ட விடுவது பலர் செய்யும் பிழை.

இன்னொன்று, மருந்திடும் கையே நோயைச் சுமந்து செல்வது. நோயுற்ற மாட்டின் புண்ணில் ஒற்றிய துணியை மறுபடியும் எண்ணெய்க் கிண்ணத்தில் தோய்த்து அடுத்த மாட்டுக்குப் போடுவதையும், வைத்தியம் தெரிந்தவர் ஒரு கொட்டிலிலிருந்து அடுத்த கொட்டிலுக்கு அதே செருப்போடு போவதையும் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். நலமான மாட்டைக் கவனித்து முடித்த பிறகே நோயுற்றதிடம் போக வேண்டும்; வேண்டிய அளவு எண்ணெயை மட்டும் தனிக் கிண்ணத்தில் ஊற்றிக்கொள்ள வேண்டும். இந்த வைரசுக்கு அமிலமும் ஆகாது, காரமும் ஆகாது. ஒரு லிட்டர் நீருக்கு 40 கிராம் சலவைச் சோடா கரைத்த கரைசலில் செருப்பையும் வாளியையும் தரையையும் கழுவலாம். நோய் பற்றிய ஐயம் எழுந்தவுடனே கால்நடை மருத்துவருக்குச் சொல்ல வேண்டும்; ஊரில் பேச்சாகிவிடுமே என்று மறைத்தால் அடுத்தவர் கொட்டிலிலும் அதே நோய் எழும்.

மருந்தைத் தயாரிப்பதில் நேரும் பிழைகள்

குளம்புப் புண்ணுக்குப் பரவலாகப் பயன்படுவதும், கால்நடை மருத்துவர்கள் சிலரே இன்று பரிந்துரைப்பதும் குப்பைமேனி, வேப்பிலை, துளசி, மருதாணி ஆகியவற்றின் இலை ஒவ்வொரு கைப்பிடி, பூண்டு 10 பல், மஞ்சள் தூள் 20 கிராம் ஆகியவற்றை அரைத்து, நல்லெண்ணெயிலோ தேங்காய் எண்ணெயிலோ காய்ச்சி ஆறவைத்த கலவையே. இதில் பெரும்பாலோர் தவறுவது காய்ச்சும் பதத்தில். இலை விழுதில் நீர் நிறைய இருக்கும். எண்ணெய் கொதிக்கத் தொடங்கியதும் அடுப்பை அணைத்துவிட்டால் அந்த நீர் எண்ணெயிலேயே தங்கி, இரண்டு நாளில் பூஞ்சை பிடித்துப் புளிப்பு நாற்றம் அடிக்கும். இளந்தீயில் வைத்துக் கிளறிக்கொண்டே இருந்தால் முதலில் நுரைத்துச் சலசலக்கும். பிறகு சலசலப்பு மெல்ல அடங்கும். அடியில் உள்ள விழுதை எடுத்து விரல்களுக்கிடையே உருட்டினால் மெழுகுபோலத் திரளும். அந்த எண்ணெயில் ஒரு திரியை நனைத்துக் கொளுத்தும்போது சடசடவென வெடிக்காமல் அமைதியாக எரிந்தால் நீர் போய்விட்டது என்று பொருள். அதற்கும் மேலே விட்டு விழுது கருகினால் வீணாகக் கரியைத்தான் பூசுவோம். நன்றாக ஆறிய பிறகே இட வேண்டும். இளஞ்சூடு நல்லது என்று எண்ணிச் சூடான எண்ணெயைத் திறந்த புண்ணில் ஊற்றிக் கொப்புளம் வரவழைத்தவர்கள் உண்டு.

மஞ்சளைக் கிழங்காக வாங்கி இடித்துக்கொள்வது நல்லது; நிறத்துக்காக ஈயம் கலந்த சாயம் சேர்த்த தூளும் விற்பனைக்கு வருவதுண்டு. சாலையோரத்திலும் பூச்சிமருந்து தெளித்த வயலிலும் இலை பறிக்கக் கூடாது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் அவசரத்தில் அங்கேதான் பறிக்கிறோம்.

பெயரைக் கேட்டு இலையைப் பறிப்பது மற்றொரு தவறு. ஒரே செடிக்கு ஊருக்கு ஒரு பெயரும், ஒரே பெயரில் இரண்டு மூன்று செடிகளும் இருக்கின்றன. ஆடுதீண்டாப்பாளையைப் புழு வைத்த புண்ணுக்குப் பிழிந்து விடும் வழக்கம் பழையது. ஆனால் அந்தச் செடியில் சிறுநீரகத்தைக் கெடுக்கும் நச்சு அமிலம் இருப்பதால் அதை உள்ளுக்குக் கொடுக்கவே கூடாது. நக்கும் இடத்தில் பூசுவதையும் தவிர்ப்பது நலம். சேங்கொட்டை எண்ணெயும் கள்ளிப்பாலும் எருக்கம்பாலும் தோலை வெந்துபோகச் செய்யும். கையில் பட்டாலே கொப்புளிக்கும் பொருளை உரிந்த குளம்பிடுக்கில் விடுவதற்கு எந்த நியாயமும் இல்லை. அரளி இலையை மருந்திலும் சேர்க்கக் கூடாது, கட்டுவதற்கோ பரப்புவதற்கோகூட அருகில் கொண்டுவரக் கூடாது. ஒரு கைப்பிடி இலை வளர்ந்த மாட்டையே சாய்த்துவிடும்.

அளவைக் கூட்டினால் வேகமாகக் குணமாகும் என்ற நினைப்பும் அப்படிப்பட்டதே. கோமாரியில் வாய்ப்புண்ணுக்காக மிளகு, சீரகம், வெந்தயம், மஞ்சள், பூண்டு ஆகியவற்றைத் தேங்காயோடும் வெல்லத்தோடும் அரைத்துக் கொடுப்பார்கள். நான்கு பல் பூண்டு போதுமான இடத்தில் நாற்பது பல் போடுவது ஆபத்து. வெங்காய இனத்துப் பொருள்கள் மிகுதியாக உள்ளே சென்றால் மாட்டின் சிவப்பணுக்கள் சிதையும். அந்த விழுதை நாக்கிலும் அண்ணத்திலும் சிறிது சிறிதாகத் தடவிவிட வேண்டும். தலையைத் தூக்கிப் பிடித்து, நாக்கை இழுத்துக்கொண்டு, மூங்கில் குழாயால் மளமளவென்று ஊற்றினால் புரையேறி நுரையீரலுக்குள் போய்விடும். காலில் புண் வந்த மாடு நிமோனியாவில் சாவதற்கு இந்த ஒரு செயலே போதும்.

மூலிகையோடு மற்றவற்றையும் சேர்ப்பது

மூலிகை இரண்டு நாளில் பலிக்காவிட்டால் பொறுமை போய்விடுகிறது. பினாயிலை நீர் கலக்காமல் ஊற்றுவது, மண்ணெண்ணெயும் வண்டியின் கழிவு எண்ணெயும் பூசுவது, சுட்ட சுண்ணாம்பை வைப்பது, அந்துருண்டையைப் பொடித்துத் திணிப்பது என்று வரிசையாக வரும். இவை புழுவையும் கொல்லலாம். கூடவே ஆறிவரும் இளந்தசையையும் கொல்லும். மாடு தன் காலை நக்கும் என்பதை எவரும் நினைப்பதில்லை. கழிவு எண்ணெயில் ஈயம் முதலிய உலோகங்கள் இருக்கக்கூடும். புண்ணில் பசுஞ்சாணம் அப்புவதையும் இந்த வரிசையிலேயே சேர்ப்பேன். சாணத்திலும் மண்ணிலும் டெட்டனஸ் எனப்படும் விறைப்பு நோயின் கிருமி விதைகளாகத் தங்கியிருக்கும். ஆடுகளும் குதிரைகளும் மாடுகளைவிட எளிதில் அதற்கு இரையாகின்றன.

தாமிர சல்பேட்டான மயில்துத்தத்தைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். மாடுகளின் குளம்பை நனைக்க 5 சதவீத மயில்துத்தக் கரைசல் பயன்படுகிறது. அதே கரைசலைச் செம்மறியாட்டுப் பட்டியில் வைத்தால், தாகத்தில் ஆடு குடித்துவிடலாம். செம்மறிக்குத் தாமிரம் ஆகாது. ஈரலில் சேர்ந்துகொண்டே இருந்து, வாரங்களோ மாதங்களோ கழித்து ஒருநாள் கண் மஞ்சளாகி, சிறுநீர் கருத்து ஆடு விழும். அப்போது குளம்பு மருந்தை எவரும் நினைத்துப் பார்க்க மாட்டார்கள். செம்மறிக்கு 10 சதவீதத் துத்தநாக சல்பேட் கரைசலே தகும். எதில் நனைத்தாலும், முதலில் தண்ணீர் காட்டி, குளம்பைக் கழுவி, நனைத்த பிறகு உலர்ந்த தரையில் ஒரு மணி நேரமாவது நிறுத்த வேண்டும்.

புழு வைத்த புண்ணுக்குச் சீத்தா இலை விழுதோ கற்பூரம் கரைத்த தேங்காய் எண்ணெயோ முதல் நாள் இடுவது நல்ல வழக்கம். அதில் நேரும் தவறு, மருந்திட்டு வெளியே வந்த புழுக்களைப் பார்த்து மகிழ்ந்து நின்றுவிடுவது. ஈ இட்ட முட்டை ஒரு நாளுக்குள் பொரிந்துவிடும். புழு தலையைத் தசைக்குள் செருகிக்கொண்டு ஐந்தாறு நாள் தின்னும். உள்ளே செத்துக் கிடப்பவற்றை இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்தால்தான் புண் ஆறும். எடுத்தவற்றை மண்ணில் உதறினால் உயிரோடிருப்பவை அங்கேயே கூட்டுப்புழுவாகி மறுபடி ஈயாகும் என்பதால் எரித்துவிட வேண்டும். சீத்தாவில் விதையைப் பொடித்துப் போடுபவர்கள் கவனமாக இருக்க வேண்டும்; அந்தப் பொடி கண்ணில் பட்டால் பார்வையே பாழாகும், மாட்டுக்கும் சரி, இடுபவருக்கும் சரி.

கட்டுப் போடுவதைப் பொறுத்தவரை, உலர்ந்த தரையில் நிற்கும் விலங்குக்கு மட்டும், தளர்வாக, நாள்தோறும் அவிழ்த்துப் பார்க்கும் எண்ணம் இருந்தால் போடலாம். ஈரத்தில் நிற்கும் காலில் கட்டிய துணி மாலைக்குள் மூத்திரத்தில் ஊறிய பஞ்சாகிவிடும்.

மூன்று நாளில் முன்னேற்றம் இல்லாவிட்டாலோ, வீக்கம் குளம்பைத் தாண்டி மேலேறினாலோ, தீனி எடுக்காவிட்டாலோ, காய்ச்சல் 40 டிகிரி செல்சியசைத் தாண்டினாலோ, குளம்பு ஓடு கழலத் தொடங்கினாலோ மூலிகையோடு காத்திருக்கக் கூடாது. குளம்பு அழுகல் தொடக்கத்தில் ஊசி மருந்துக்கு எளிதில் கட்டுப்படும். மூட்டுக்குள் இறங்கிவிட்டால் எதற்கும் கட்டுப்படாது. மருத்துவர் வரும்போது அதுவரை என்ன தடவினோம் என்பதை வெட்கப்படாமல் சொல்ல வேண்டும்.

தரையை மறப்பது

எத்தனை நல்ல எண்ணெயானாலும், தண்ணீர்த் தொட்டி வழிந்து சேறான இடத்தில் மாடு நாள் முழுக்க நின்றால் பயனில்லை. ஊறிய குளம்பு மெதுவாகிக் கல்லிலும் கட்டாந்தரையிலும் கிழியும். அந்தக் கிழிசல் வழியே கிருமி புகும். செம்மறியின் தொற்றும் குளம்பு அழுகலை உண்டாக்கும் கிருமி மண்ணில் இரண்டு வாரத்துக்கு மேல் பிழைப்பதில்லை. ஆட்டின் குளம்புக்குள்ளோ மாதக்கணக்கில் தங்கியிருக்கும். அதனால் மருந்திட்ட ஆடுகளைப் பழைய பட்டிக்கே திருப்புவதும், நோயுற்ற ஒன்றை மந்தையிலேயே விட்டுவைப்பதும் அந்த மருந்தை வீணாக்கும். இரண்டு வாரம் ஆடு படாத நிலத்துக்கு மாற்ற வேண்டும். குளம்பு சீவும்போது இளஞ்சிவப்புத் தெரிந்த இடத்தில் கத்தியை நிறுத்தி, சீவிய துண்டுகளை எரித்துவிட வேண்டும்.

புண் ஆறிய பிறகும் குளம்பில் கோடு தெரிகிறதே என்று மாதக்கணக்கில் மருந்து தடவிக்கொண்டிருப்பவர்களும் இருக்கிறார்கள். கோமாரியின்போது குளம்பும் தோலும் சேரும் விளிம்பில் ஏற்பட்ட பாதிப்பு, குளம்பைச் சுற்றி ஒரு பள்ளக்கோடாகப் பதிந்து, குளம்பு வளர வளரக் கீழே இறங்கும். மாட்டின் குளம்பு மாதத்துக்கு ஏறக்குறைய 5 மில்லிமீட்டர்தான் வளரும் என்பதால், அந்தக் கோடு நுனிக்கு வந்து தேய்ந்து மறைய ஓராண்டுக்கு மேலும் ஆகலாம்; எந்த எண்ணெயும் அதை விரைவுபடுத்தாது. விளிம்பிலிருந்து கோடு 2 சென்டிமீட்டர் கீழே இருந்தால் நோய் வந்து நான்கு மாதம் ஆகியிருக்கும். மாடு வாங்கப் போகிறவர்கள் பல்லைப் பார்ப்பதோடு இந்தக் கோட்டையும் அளந்து பார்ப்பதுண்டு.